கையை எடுக்க முடியாத பகல்

பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் இருந்தது அப்பாவின் ஆபீஸ் குவார்ட்டர்ஸில். அப்பா போனதும் அதைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். செம்பூரில் அண்ணன் வீடு என்பது ஒரே ஓர் அறை. அண்ணன், மன்னி, குழந்தைகள் போக மீதி இருந்த இடத்தில் அம்மா ஒடுங்கிக்கொண்டாள். எனக்கு அங்கே இடமில்லை. மெட்ரிக் முடித்திருந்த என்னை, மாமா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் நர்ஸ் பயிற்சியில் சேர்த்துவிட்டார்.

“சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்து, படிப்பும் சொல்லித்தரா. இன்னும் என்ன வேணும்?” என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று அவர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஹாஸ்டல் வாசலில் ஒரு கம்பிக் கதவு. டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் திறக்கும், பிறகு பூட்டிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு மாலையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகவேண்டும். எனக்கு ரத்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை. பிரசவ அறையிலிருந்து வந்தால் சோறு இறங்காது. தோலில் தைத்த மாதிரி இடுப்பெலும்புக்குள் குழந்தை அளவில் ஒரு துணிப் பொம்மையைத் திருப்பித் திருப்பி டியூட்டர் சிஸ்டர் பாடம் நடத்துவார். தலை எப்படி இறங்கும், தோள் எப்படித் திரும்பும் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பொம்மை குறுகலான வளையத்தில் சிக்கி நிற்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், “என்னை ஆத்துக்கு அழைச்சுண்டு போயிடும்மா” என்று அழுதேன்.

அம்மா கம்பி வழியாக என் விரலைப் பிடித்துக்கொண்டாள். “வந்து எங்கேடி படுத்துப்பே? நானே சமையல் மேடைக்குக் கீழே தலையை வச்சுண்டு படுக்கறேன்” என்றாள். 

இரண்டாம் வருஷம் வீட்டுப் பிரசவங்களுக்கு அனுப்பினார்கள். அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தியோடு மாணவி ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். என்னோடு வந்தவள் மராட்டிக்காரி, வேகமாக நடப்பவள், அதிகம் பேசமாட்டாள். அன்று விடாத மழை. தாராவியில் நாங்கள் தேடிப்போன சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அந்த வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. கர்ப்பிணியை ஏணி வழியாக மேலே ஏற்றியிருந்தார்கள். தகரக் கூரைக்கு அடியில் பலகை பாவிய ஒரு தட்டு அது. பம்பாயில் மாளா என்பார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஜன்னல் கிடையாது.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். முதல் இரண்டு குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். கணவன் டின் பெட்டி செய்யும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அவன் கீழே தண்ணீரில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிரசவம் சுலபமாகத்தான் ஆனது. பெண் குழந்தை, நல்ல குரல். கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஸ்டாஃப் நர்ஸ் அதை எனாமல் தட்டில் விரித்து, லாந்தரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. அது உள்ளேயே நின்றுவிட்டது.

பாடத்தில் படித்ததுதான். துண்டு உள்ளே நின்றால் கர்ப்பப்பை சுருங்காது, ரத்தம் நிற்காது. அதற்குள் துணி நனைந்துகொண்டிருந்தது. நர்ஸ் ஊசி போட்டாள், அவள் வயிற்றை அழுத்தித் தேய்த்தாள். தொப்புளுக்குக் கீழே பந்து போலக் கெட்டியானதும் என் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள்.

“ஹாத் மத் ஹடானா” என்றாள். கையை எடுக்கவே கூடாது. தான் போய் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வருவதாகச் சொல்லி ஏணியில் இறங்கினாள். தண்ணீரில் அவள் நடக்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு மழைதான்.

நேரமாகியும் நர்ஸ் திரும்பி வரவில்லை. மெயின் ரோட்டில் வண்டிகள் ஓடவில்லை என்று யாரோ சந்தில் கத்திக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என் கைக்கு அடியில் பந்து கெட்டியாக இருந்தது. கொஞ்சம் அசந்தால் பிசைந்த மாவாகத் தளர்ந்துவிடும், உடனே கதகதவென்று ரத்தம் வரும். மறுபடி தேய்ப்பேன், மறுபடி கெட்டியாகும். முட்டி போட்டுக் குனிந்த முதுகு மரத்துப்போயிற்று. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. இடது கையால் பச்சைக் குழந்தையை இழுத்து அவள் மாரில் வைத்தேன். குழந்தை பால் குடித்தால் கர்ப்பப்பை சுருங்கும் என்று டியூட்டர் சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. குழந்தை சப்பத் தொடங்கியதும் என் கைக்குள் அந்தப் பந்து தானே இறுகுவது தெரிந்தது. புத்தகத்தில் இருந்த ஒரு வரி உயிரோடு அசைந்தது போலிருந்தது. ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. இவள் செத்தால் என் கையில்தான் சாவாள் என்று தோன்றியது. எங்கே ஓடுவது? ஏணிக்குக் கீழே தண்ணீர், அதற்கப்பால் பூட்டிய ஹாஸ்டல், அதற்கப்பால் செம்பூரின் சமையல் மேடை.

“சிஸ்டர், எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்றாள் அவள்.

“தூங்கப்படாது. பேசிண்டே இரு.”

அந்த நிலையிலும் அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. “நீங்க பேசுதது ரேடியோல பேசுத மாதிரி இருக்கு.” பிறகு, “நான் பொழைச்சுக்கிடுவனா? பொய் சொல்லாதிய” என்றாள்.

“தெரியாது. ஆனா நான் கையை எடுக்கமாட்டேன்.”

அவள் கண்ணை மூடாமல் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து அவள் கணவனின் குரல் வந்தது. “சிஸ்டர், அவ பேசுதாளா?”

“பேசறா. வண்டி வராது போலிருக்கு. ஆட்களைக் கூப்பிடுங்கோ. தூக்கிண்டுதான் போகணும்.”

“என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க” என்றான். சற்று நேரத்தில் கதவைக் கழற்றும் சத்தம் கேட்டது.

மேலே ஏறி வந்தவன், ரத்தத்தைப் பார்த்ததும் ஏணியிலேயே நின்றுவிட்டான். “ஏளா” என்று மட்டும் சொன்னான். அவள் அவனைப் பார்க்காமல், “மூத்தவ சாப்ட்டாளா?” என்று கேட்டாள்.

அவளைப் போர்வையில் சுற்றி அவனும் பக்கத்து வீட்டு ஆட்களும் இறக்கினார்கள். இறக்கும்போதும் என் கை அவள் வயிற்றில்தான் இருந்தது. நான் எப்படி ஏணியில் இறங்கினேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. கழற்றிய கதவில் அவளைப் படுக்கவைத்து, தோளுயரத்துக்குத் தூக்காமல் இடுப்பளவில் பிடித்துக்கொண்டார்கள், நான் கூடவே நடக்கவேண்டும் என்பதற்காக. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி முந்தானையில் பொதிந்துகொண்டு வந்தாள். சந்து முழுக்க ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பாதி வழியில் ஸ்டாஃப் நர்ஸ் எதிரே வந்தாள். வண்டி கிடைக்காமல் ஒரு கைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். கதவோடு அவளை அதில் ஏற்றித் தள்ளினார்கள், நான் பக்கத்திலேயே நடந்தேன். ஆஸ்பத்திரி மேஜையில் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

அவள் பிழைத்தாள். உள்ளே நின்ற துண்டை எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். டியூட்டர் சிஸ்டர் வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கோ எப்போது உட்காரச் சொல்வார் என்றிருந்தது. அன்றோடு வேலை பிடித்துப்போயிற்று என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார்கள். அம்மா என்று ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தத் தாராவிப் பெண்ணின் கணவன் நின்றிருந்தான். துவைத்த சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.

“இன்னொரு புள்ள பெத்தா அவ தாங்கமாட்டாண்ணு டாக்டரம்மா சொல்லிட்டாவ.”

“ஆமாம்.”

“புள்ள தரிக்காம இருக்க அவளுக்கு உள்ள லூப்பு வைக்கலாம்னு சொன்னாவ. அவ பயப்படுதா. பழையபடி ரத்தம் வந்துருமோன்னு.” கம்பியைப் பிடித்த அவன் கை இறுகியது. “வேற வழி உண்டுமா சிஸ்டர்? ஒர்க்‌ஷாப்புல கேட்டா சிரிப்பானுவ. எனக்கு வேற யாரையும் தெரியாது.”

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அன்னிய ஆணிடம் நான் இதைப் பேசினேன் என்று கேட்டால் மன்னி மயங்கி விழுவாள். வாட்ச்மேன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வகுப்பில் படித்ததைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆண்களுக்கு ஒரு ஆபரேஷன் இருக்கிறது, சின்னது, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம் என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். முகம் எரிந்தது.

“வேலைக்குப் போவ முடியுமா?”

“முடியும். சில நாள் கனம் தூக்கப்படாது.”

“ஆம்பளையா இருக்க முடியுமா?”

“முடியும்” என்றேன், கம்பியைப் பார்த்துக்கொண்டு.

அவன் தலையை ஆட்டினான். அப்படியே போய்விட்டான். அவன் அதைச் செய்வான் என்று நான் நினைக்கவில்லை.

குழந்தைக்கு அம்மை குத்த அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் தெரிந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வரிசையில் நின்றவள் என்னைக் கண்டதும் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“அவுக பண்ணிக்கிட்டாவ” என்றாள் காதோடு. “குர்லாவுல பெட்டி எறக்கும்போது கால் வழுக்கிருச்சு, அதான் லீவுன்னு ஒர்க்‌ஷாப்புல சொல்லிருக்காவ. எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது. வெளிய சொல்லிராதிய, சிஸ்டர்.”

“சொல்லமாட்டேன்.”

“ராத்திரி இப்ப பயமில்லாம படுக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக் குழந்தையின் முகத்தை மூடினாள். அவள் முறை வந்தது. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே போனாள். வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.