பதினாலு டாக்டர்களும் ஒரு ஸ்பிரிங்கும்

தங்கபுஷ்பத்தின் இரண்டு முழங்கால்களிலும் கருத்துத் தடித்த காய்ப்பு இருந்தது. நின்றுபோன இதயத்தைக் கையால் அமுக்கி ஓடவைப்பது எப்படி என்று, ஒன்பது வருஷமாகத் தரையில் மண்டியிட்டு நர்ஸ் பயிற்சிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் வந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்பதே அதன் பெருமை. அதன் இரண்டாம் மாடியில், துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில்தான் அவள் பாடம் நடத்தினாள்.

முதல் எட்டு வருஷம் பாடம் நடந்தது ஒரு திண்டின்மேல். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் அவள் கணவர் ஜவஹருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. அங்கே சரக்கு வரும் பெட்டிகளில் மிஞ்சிய தேங்காய் நாரை அடைத்து அவளே தைத்த திண்டு. தொண்ணூற்றாறில் நிர்வாகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மை வந்து இறங்கியது.

அசல் ஆள் அளவுக்கு ரப்பர் பொம்மை. மார்புக்குள் ஒரு ஸ்பிரிங். மனிதனுடைய நெஞ்செலும்பு எவ்வளவு எதிர்த்து நிற்குமோ அவ்வளவு அதுவும் நிற்கும். தேவையான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். இல்லையென்றால் மௌனம். யாருக்காகவும் பொய்யாகச் சத்தம் போடத் தெரியாத பொம்மை. அந்தக் கட்டிடத்தில் அப்படி இருந்தது அது ஒன்றுதான்.

வந்த புதிதில் அதைச் சேர்மன் அறை சோபாவில் படுக்கவைத்திருந்தார்கள். வருகிறவர்களெல்லாம் பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டார்கள். சரஸ்வதியின் கருணையோ என்னவோ, மறுநாள் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. தங்கபுஷ்பம் குங்குமத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, அன்றே பதினெட்டுப் பெண்களையும் அதன் முன்னால் மண்டியிட வைத்தாள்.

பொம்மையோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. டிசம்பருக்குள் ஆஸ்பத்திரியின் பயிற்சி நர்ஸ், பெரிய டாக்டர் எல்லாருமே இதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று அதை அனுப்பிய வெளிநாட்டுக் கூட்டாளிகள் எழுதியிருந்தார்கள். தேர்ச்சிப் பட்டியலில் பயிற்சி கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது தங்கபுஷ்பம்.

பெரிய டாக்டர்கள் பதினாலு பேர். ஒரு நர்ஸிடம் பாடம் கேட்பதா என்று முதலில் யாரும் வரவில்லை. ஒருவருக்கு மீட்டிங், ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு மூன்று வாரமாக ஒரே ஜலதோஷம். கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தலைமை மருத்துவர் சந்திரமௌலி நாலு பேரோடு வந்தார். இஸ்திரி மடிப்பில் கை வைத்தால் வெட்டிவிடும் போலிருந்த பேண்ட்.

“தரையிலயா சிஸ்டர்? மேஜைமேல தூக்கி வைக்கச் சொல்லுங்களேன்.”

“விழறவங்க மேஜை பாத்தா விழறாங்க டாக்டர்? பஸ் ஸ்டாண்டுல விழுவாங்க, பாத்ரூம்ல விழுவாங்க. மண்டி போட்டுத்தான் பண்ணணும்.”

அவர் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஒரு முழங்காலை மட்டும் வைத்தார். முழங்கையை மடக்கிக்கொண்டு, பூரிக்கு மாவு பிசைவது போல நாலு அமுக்கு அமுக்கினார். சத்தம் வரவில்லை. இன்னும் நாலு. மூச்சு வாங்கியது. பொம்மை பேசவில்லை.

“முழங்கையை நேரா வையுங்க டாக்டர். கையால இல்ல, உடம்போட கனத்தால...”

“எனக்கு அனாடமி சொல்லிக்குடுக்காதீங்க சிஸ்டர். பொம்மை ரிப்பேர்.”

தங்கபுஷ்பம் குனிந்து அமுக்கிக் காட்டினாள். டக், டக், டக். மற்ற நாலு பேரும் முயன்றார்கள். ஒருவருக்கும் வரவில்லை. உயிர் போகிற நோயாளிகள் கையெடுத்துக் கும்பிடுகிற ஐந்து பேர், கைக்குட்டையை உதறி மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

தீபாவளி நெருங்கியது. அந்தச் சமயத்தில் கடையில் ஈ நுழைய இடமிருக்காது. வருஷா வருஷம் போல நாலு நாள் லீவு போட்டுவிட்டுத் தங்கபுஷ்பம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குக்கரும் தூக்குவாளியும் எடுத்துக் கொடுத்தாள். பண்டிகை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஷண்முகப்ரியா படியிலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆதம்பாக்கத்திலிருந்து வரும் ஒல்லியான பயிற்சிப் பெண். மூன்று வாரமாகச் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தவள்.

“மேடம், வந்துடுச்சு மேடம்! ஒரு கையாலயே வருது, பாக்குறீங்களா?”

உண்மையாகவே ஒரு கையால் வந்தது. தங்கபுஷ்பம் மண்டியிட்டுத் தானே அமுக்கிப் பார்த்தாள். நெஞ்சு பஞ்சுமெத்தை மாதிரி இறங்கியது. உள்ளே அதே டக்.

மெஷின் ரிப்பேர் பார்க்கும் வலியுல்லாவைக் கூப்பிட்டாள்.

“ஆமா மேடம். ஸ்பிரிங் கட்டியா கீதுன்னு டாக்டருங்கோ கம்ப்ளெயிண்டு. பெட்டிலயே லேசு ஸ்பிரிங் ஒண்ணு எக்ஸ்ட்ரா இருந்துச்சு. சின்னப் பசங்க நெஞ்சுக்காம். ஸ்ரீவத்சன் சாரு மாத்தச் சொன்னாரு, மாத்திட்டேன். நீங்க லீவுல இருந்தப்போ பதினாலு டாக்டரும் வந்து, அரை அவர்ல முடிச்சிக்கினு போய்ட்டாங்கோ. ஒரே சிரிப்பு.”

படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கேள்வித்தாளைச் சுலபமாக்குகிற பள்ளிக்கூடம் உண்டு. சரி, அங்கே ஆள் சாகமாட்டான். இந்த மெத்தைமேல் பழகிய பெண் நாளைக்கு வார்டில் ஒரு நிஜ நெஞ்சின்மேல் கை வைத்தால், இதே அளவுதான் அமுக்குவாள். அடியில் இருப்பவன் போய்ச் சேர்ந்துவிடுவான். அவள் சரியாகச் செய்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பாள்.

நிர்வாக அதிகாரி ஸ்ரீவத்சன் மேஜைமேல் பட்டியல் தயாராக இருந்தது. பதினாலு டாக்டர், பதினெட்டுப் பெண்கள். எல்லாப் பெயருக்கு நேராகவும் ‘தேர்ச்சி’ என்று டைப் அடித்திருந்தது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடியே பேனாவை நகர்த்தினார்.

“போடுங்கோ சிஸ்டர்.”

“ஸ்பிரிங்கை மாத்திட்டுப் பாஸ் போட்டா அது பாஸா சார்?”

“இத்தனூண்டு விஷயத்தப் பிடிச்சுண்டு தொங்கறேளே. டக்குன்னு சத்தம் வரணும்னுதானே போட்டிருக்கான்? வந்துடுத்து. உள்ள என்ன ஸ்பிரிங்னு எங்கயாவது எழுதியிருக்கா, சொல்லுங்கோ.”

“நெஞ்சுக்குள்ள எழுதியிருக்கு சார்.”

“நாளைக்குள்ள கையெழுத்து வேணும். இல்லேன்னா உங்களுக்குன்னு வேற டிபார்ட்மெண்ட் பாக்கச் சொல்லிருக்கார் சேர்மன்.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஜவஹர் ரசத்தை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே கேட்டார். கடையில் வாடிக்கையாளரிடம் குழைந்து பேசிப் பேசி, வீட்டில் பேச அவருக்குக் குரல் மிச்சம் இருப்பதில்லை.

“கையெழுத்துதானே புள்ள? போட்டுட்டு வா. உன் சொத்தையா எழுதிக் கேக்குதாங்க?”

“நீங்க ஈயப் பாத்திரத்துல எவர்சில்வர்னு சீட்டு ஒட்டி விப்பீங்களா?”

“மாட்டேன்.”

“பொறவு?”

அவர் மோரை ஊற்றிக்கொண்டார். “அந்தத் திண்டு இன்னும் பரண்ல கெடக்குல்லா?” என்றார். வேலை போனால் பரவாயில்லை என்பதை அவர் இப்படித்தான் சொல்வார்.

மறுநாள் பழைய ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னதும் வலியுல்லா எழுத்தில் உத்தரவு கேட்டான். தங்கபுஷ்பம் எழுதிக் கொடுத்தாள். அந்த விவகாரத்தில் அவள் முதலில் போட்ட கையெழுத்து அதுதான். பிறகு டாக்டர்களின் லிஃப்டுக்குப் பக்கத்தில், கேண்டீன் பலகைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டினாள். ‘கீழ்க்கண்டவர்கள் மீண்டும் பரீட்சைக்கு வரவும்.’ பதினாலு பெயரும், மேலே எழுதியிருந்த பொங்கல், வடை, மசால் தோசைக்கு அடியில் வரிசையாக நின்றன.

சந்திரமௌலி தாளைக் கிழித்துக் கையில் கசக்கிக்கொண்டே மாடியேறி வந்தார்.

“என்னை ஃபெயில் பண்ண நீங்க யாரு? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு.”

“நான் எங்க டாக்டர் பண்ணேன்? அந்தப் பொம்மைக்கு நீங்க யாருன்னு தெரியல. யாராவது அறிமுகம் பண்ணிவச்சா ஒருவேளை சத்தம் போடும்.”

பயிற்சிப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் துணி அறைக்குள் ஓடினாள். அவர் போய்விட்டார். சாயங்காலம் உத்தரவு வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டு, கத்தி கத்தரிக்கோல் கொதிக்கவைக்கும் பிரிவுக்குப் போக வேண்டும்.

அவளுக்கு அந்தப் பிரிவு ஒன்றும் கேவலமில்லை. பதினெட்டுப் பெண்களும் மெத்தைமேல் பழகிய கையோடு வார்டுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். எல்லாரையும் முதலிலிருந்து மண்டியிட வைத்தாள். வியாழக்கிழமைக்குள் பதினேழு பேருக்கு வந்துவிட்டது. ஷண்முகப்ரியாவுக்கு வரவில்லை.

“போன வாரம் வந்துச்சே மேடம். என்னோடது மட்டும் ஏன் போச்சு?”

“உனக்கு வரல. உன்னை ஏமாத்தியிருந்தாங்க.”

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. தங்கபுஷ்பம் சமாதானம் சொல்லவில்லை. சமாதானத்தால் நெஞ்செலும்பு இறங்காது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தங்கபுஷ்பம் அவளோடேயே இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கீழே போகவில்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டு வீங்கியது, ஐஸ் வைத்தாள். தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “உன் கனம் நாப்பது கிலோவா? நாப்பதையும் அதுமேல போடு. மரியாதை பாக்காத. எலும்பு முறிஞ்சாலும் பரவால்ல, கட்டிக்கலாம். ஆளு போனா கட்டமுடியாது.”

நாலே முக்காலுக்கு முதல் டக் கேட்டது. ஷண்முகப்ரியா நிமிர்ந்து பார்த்தாள்.

“நிறுத்தாத. நீ நிறுத்தினா அவன் போயிடுவான்.”

டக், டக், டக். பதினைந்து. மூச்சு ஊதி, மறுபடி பதினைந்து. மூன்று நிமிஷம் விடாமல் அமுக்கிவிட்டு அவள் அப்படியே தரையில் சாய்ந்தாள். தங்கபுஷ்பம் அவளுடைய பயிற்சி நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

ஐந்து மணிக்கு ஸ்ரீவத்சன் சாவிக்காக வந்தார். பெண்களின் பட்டியலைத் தனியாகக் கையால் எழுதிக் கொடுத்தாள். பதினெட்டுப் பெயர், பதினெட்டுக் கையெழுத்து.

“டாக்டர்கள் லிஸ்ட்?”

“பொம்மை அங்கதான் கிடக்கு சார். அவங்க முட்டியும் அவங்ககிட்டதான் இருக்கு.”

ஸ்ரீவத்சன் தாமே டாக்டர்கள் பட்டியலில் ‘பயிற்சியாளருக்காக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினாலு சான்றிதழ்களும் தங்க எழுத்தில் அச்சாகி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு டாக்டரின் நாற்காலிக்குப் பின்னாலும் மாட்டப்பட்டன. அந்த டாக்டர்களில் யாருக்காவது நெஞ்சு நின்றுபோனால் ஓடிவந்து அமுக்கப்போவது நர்ஸ்தான் என்பது அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு வலியுல்லா வந்து, ஸ்ரீவத்சன் உத்தரவுப்படி ஸ்பிரிங்கை மறுபடியும் லேசாக்கினான். அதற்குள் ஷண்முகப்ரியா முகம் கழுவி, வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, முதல் மாடி வார்டில் டியூட்டிக்குப் போயிருந்தாள். மற்ற பதினேழு பேரும் அவரவர் வார்டில் இருந்தார்கள்.