மல்லாட்டை மண்டி வாசகசாலை

போன மாதம் டேப்பும் கேமராவுமாக இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். திண்டிவனத்துப் பழைய வாசகசாலைக் கட்டடத்தை இடிக்கலாமா, காப்பாற்றலாமா என்று அறிக்கை எழுத வேண்டுமாம். அதில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர், வளைவு வைத்த ஜன்னல் என்று தெரிந்ததை ஒப்பித்தேன். அவர்கள் போன பிறகுதான், எனக்கு எது விசேஷமோ அதைச் சொல்லவே இல்லையே என்று உறைத்தது. வயதானால் இப்படித்தான்; வாய் ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம். நீங்களாவது கேளுங்கள்.

அது முதலில் மல்லாட்டை மண்டியாக இருந்த இடம்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்டிக்காரர் வாசகசாலைக்கு விட்டுக் கொடுத்து வருஷங்கள் ஆகியும் வாசம் மட்டும் காலி செய்யவில்லை. பேப்பரைப் பிரித்தால் மண்ணும் எண்ணெயும் கலந்த அந்த வாசம்தான். இன்றைக்கும் மல்லாட்டை மூட்டையைக் கடந்து போனால் எனக்கு யுத்தச் செய்தி ஞாபகம் வரும்.

நாற்பதுகளின் தொடக்கம். விழுப்புரத்திலிருந்து வந்து நான் டீச்சர் வேலையில் சேர்ந்த புதிது. கூட வேலை பார்த்த தெரேசா அக்காவும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். வாசகசாலைக்குப் பெண்கள் போவதில்லை. போகக் கூடாதென்று போர்டு கிடையாது. போர்டு இல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அக்கா ஒரு சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். வீரமெல்லாம் இல்லை, வீட்டில் தனியாக இருக்கப் பயம்.

உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்றாட உட்கார்ந்திருந்த ஆண்கள் துண்டைத் தேடினார்கள். பொறுப்பாளர் துரைசாமி நல்ல மனுஷர். எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர். கொல்லைப் பக்கம் எடை போடுகிற அறை இருக்கிறது, அதைப் பெண்களுக்கு ஒழித்துத் தருகிறேன் என்றார். கொல்லை வழியாக வந்து படிப்பதற்குப் படிக்காமலே இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அக்கா அன்றைய பேப்பரை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் அதுவே பழக்கமாயிற்று. நானும் கேட்க வேண்டுமே என்று சத்தமாகவே படிப்பாள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அஞ்சலை வந்தாள். பக்கத்து மண்டியில் மல்லாட்டை உடைக்கிறவள். அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தான். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சேரியிலிருந்து வருகிறவள் என்பதால் படியில் ஏறாமல் தெருவிலேயே நிற்பாள்.

"டீச்சரம்மா, ரங்கூன் சேதி எதுனா போட்டிருக்கானா, பாத்து சொல்றீங்களா?"

ரங்கூன் என்று வந்த இடத்தையெல்லாம் அக்கா இரண்டு தடவை படிப்பாள். நாளாக நாளாக இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள். உள்ளே இருந்த ஆண்களும் கையிலிருந்த புத்தகத்தை மறந்துவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. அக்கா பேப்பரை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தாள். துரைசாமி வாசலுக்கு வந்தார். உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார்.

"நனஞ்சிக்கினு ஏன் நிக்கிறீங்க? எல்லாரும் உள்ள வாங்க."

"நானுமாங்க?" என்றாள் அஞ்சலை.

"உன்னையும் சேத்துதான் சொல்றேன்."

அவள் நகரவில்லை. அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எழுந்து மழையிலேயே போய்விட்டார். கொஞ்ச நாள் வரவில்லை, பிறகு வந்தார். அக்கா விட்ட வரியிலிருந்து படித்தாள். அதற்குப் பிறகு யாரும் வெளியே உட்காரவில்லை.

மாம்பழக் காலம் முடிகிற சமயம் அஞ்சலையின் புருஷன் வந்து சேர்ந்தான். பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தவன், ஆள் பாதியாகியிருந்தான். அவனை அவள் வாசகசாலைக்குக் கூட்டி வந்து அதே பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"இங்கதான்யா உன்னத் தேடிக்கினு இருந்தேன்" என்றாள்.

அவன் ஒன்றும் புரியாமல் அலமாரிகளைப் பார்த்தான். துரைசாமி தன் சொம்பிலேயே அவனுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

தெரேசா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அஞ்சலையின் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியவில்லை. இன்னொருவருக்காக வாய்விட்டுப் பேப்பர் படிக்கிறவர்களை இப்போது எங்கேயும் காணோம். ரோட்டுக்குத் தார் போட்டுப் போட்டு உயர்த்தியதில், அந்த வாசற்படிகள் ஒவ்வொன்றாக அடியில் போய்விட்டன. அஞ்சலை நின்றிருந்த தெரு இன்றைக்கு வாசலுக்குச் சமமாக வந்து நிற்கிறது. உள்ளே போகத்தான் ஆள் இல்லை.