கூடத்தில் இடம் மாறிய இருக்கைகள்

முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் கண்ணை நம்பி நடப்பதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சமையலறை வாசலிலிருந்து நான்கு எட்டு வைத்தால் பிரம்பு நாற்காலியின் முதுகு கைக்கு எட்டும். அதைத் தொட்டுத் திரும்பினால் மூவர் அமரும் சோபா, அதையடுத்து இன்னொன்று. டீப்பாய் சுவரோரம் கிடக்கும். அதன் பக்கம் நான் போவதேயில்லை.

கண்ணின் உள்ளழுத்தம் கூடி என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது. எதிரே நிற்பவர் முகம் துல்லியமாகத் தெரியும். என் முழங்காலருகே கிடக்கும் பொருள் தெரியாது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர், "இது குடும்பத்துல வரக்கூடியதும்மா. பையனையும் ஒருதரம் கூட்டிட்டு வாங்க" என்றார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த காலம் அது. செய்தி வெளியே தெரிந்தால் பேச்சு முறிந்துவிடுமோ என்று நடுங்கி, நாளைக் கடத்தினேன்.

அரியாங்குப்பத்திலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்த ஞாயிறன்று, நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மகன் கூடத்தையே மாற்றியமைத்திருந்தான். சுவரை ஒட்டியிருந்த சோபாக்கள் நடுவுக்கு வந்து ஒன்றையொன்று பார்த்து நின்றன. டீப்பாய் அவற்றுக்கு இடையில் கிடந்தது.

"இன்னாடா இது?"

"செவுத்தோட போட்டா ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருக்குதும்மா. இப்பப் பாரு, மூஞ்சியப் பாத்துப் பேசலாம்."

"பழையபடி போட்டுடுடா."

"ஏன், சோபாவுக்கும் ஜாதகம் பாக்கணுமா?"

என் கணவர் சிரித்தார். காரணம் சொல்லாமல் வற்புறுத்த வழியில்லை. புதிய வழியை மனத்தில் பதித்துக்கொள்ள இருமுறை நடந்து பார்த்தேன். மூன்றாம் முறை நடப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவர்களுக்கு மாப்பிள்ளையின் தாய் தன் கையால் காபி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணின் தாய் சமையலறைக்கே வந்து, "குடுங்க அண்ணி, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கை நீட்டினார். வேண்டாம் என்று நானே தட்டை ஏந்திப் புறப்பட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அடி வைத்தேன். வந்தவர்கள் வசதிக்காக எதை எங்கே நகர்த்தினார்களோ, யார் கால் எங்கே நீண்டிருக்கிறதோ, எதுவும் தெரியவில்லை. எதிரே பெண்ணின் தந்தை முகம் மட்டும் ஒரு வட்டத்துக்குள் புன்னகைத்தது. அந்த முகத்தை நோக்கியே நடந்தேன். முழங்காலின்கீழ் டீப்பாயின் விளிம்பு இடித்தது. தட்டு சரிந்து, காபி அவருடைய வேட்டியில் கொட்டியது.

"ஐயோ, சுட்டுடுச்சா?" என்றேன்.

"இல்லம்மா, ஒண்ணும் ஆவல."

"இவளுக்கு எப்பவும் இப்படித்தான். ரயிலப் புடிக்கப் போற மாதிரி நடப்பா" என்றார் கணவர்.

எல்லாரும் சிரித்தனர். பின்னாலேயே வந்திருந்த பெண்ணின் தாய் என் தோளைத் தொட்டார். "பொடவ தடுக்கியிருக்கும். உடுங்க அண்ணி. எம்பொண்ணும் ஒரு நாளைக்கு நாலு தடவ எதையாவது கொட்டுவா. அவள உங்ககிட்ட உட்டா எனக்குக் கவலையே இல்ல."

தப்பிக்கும் வழியை அவரே எனக்குத் திறந்து வைத்தார். ஆம் என்று தலையசைத்திருந்தால் போதும். அவர் சொன்ன கடைசிச் சொற்கள்தாம் என்னைத் தலையசைக்க விடவில்லை.

"பொடவ தடுக்கல. டீப்பாய் கெடந்தது எனக்குத் தெரியல. ஓரத்துப் பார்வ போயிட்டிருக்குது. எம்மவனுக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. இன்னும் அவனக் காட்டல. அவனுக்கே தெரியாது."



"எனக்காம்மா?" என்றான் மகன்.

பெண்ணின் தந்தை வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல காட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றார். அது பொறுமையா, விடைபெறும் மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை கண் மருத்துவமனையில், திரைக்கு அப்பால் ஒரு கருவியின் முன் மகன் அமர்ந்திருந்தான். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும் என்று செவிலியர் அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பொத்தான் ஓசை தொடங்கியது. இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து வந்து, பிறகு நின்றது. புள்ளி தோன்றவில்லையா, தோன்றியும் அவன் காணவில்லையா? திரைக்கு வெளியே இருந்த எனக்கு அறிய வழியில்லை. நாற்காலியின் கையை இறுகப் பற்றியபடி, அடுத்த ஓசைக்குக் காத்திருந்தேன்.