கியர் பாக்ஸில் இல்லாத சத்தம்

முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் வண்டிக்கு அடியில் 'டொக்' என்று ஒரு அடி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் இன்னொரு 'டொக்'. ரிவர்ஸ் போட்டால் அதைவிடப் பெரிதாக. யாரோ அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் அடிப்பது போல இருக்கும். இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. இத்தனைக்கும் ஒருவர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான்தான் காதில் வாங்கவில்லை. எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

எனக்குக் கிணத்துக்கடவில் தேங்காய் வியாபாரம். தோப்புகளில் காய் வாங்கி, களத்தில் உரித்து, மூட்டை போட்டு கோயமுத்தூருக்கு அனுப்புவேன். அதற்கு ஒரு பிக்கப் வண்டி. அதை ஓட்டியவர், முந்தைய வண்டியையும் சேர்த்து, ஒன்பது வருடம் என்னிடம் இருந்தார். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். இந்த டிரைவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது வா, போ, டேய்தான். கொங்குப் பேச்சு மரியாதையான பேச்சு என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த மரியாதை யார் யாருக்குக் கிடைக்கும் என்பதை நாங்கள் வெளியூர்க்காரர்களிடம் சொல்வதில்லை.

எங்கள் பக்கம் பிக்கப் எடுக்கிறவன் ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போவதில்லை. கமான் பட்டறைக்குத்தான் போவான். பின் அச்சில் பாரம் தாங்க அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பட்டைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவான். பிறகுதான் பூஜை, எலுமிச்சம்பழம் எல்லாம். கம்பெனிக்காரன் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று எழுதி ஒட்டியிருப்பான். அந்த ஸ்டிக்கரைப் படிக்கிறவனைக் கேலி செய்வோம். நானும் வண்டி எடுத்த அன்றே ஒரு பட்டை ஏற்றினேன். நாலு வருடம் கழித்து, பக்கத்துக் களத்துக்காரன் என்னைவிட எச்சாக மூட்டை ஏற்றுவதைப் பார்த்து வயிறெரிந்து, இன்னும் இரண்டு ஏற்றினேன். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அவ்வளவு பெருமை.

அதற்கப்புறம் ஆறு மாதத்தில் சத்தம் ஆரம்பித்தது. முதல் நாள் அவர் வண்டியைக் களத்தில் நிறுத்திவிட்டு, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, இது கியர் பாக்ஸ் இல்லீங்க. ஜாயிண்ட்ல கிராஸ் போயிருச்சுங்க."

கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான குழாயைத்தான் ஜாயிண்ட் என்போம். அதன் முனைகளில் சிலுவை மாதிரி ஒரு சின்ன இரும்பு இருக்கும். அது கிராஸ்.

"அதெப்படி அதுக்குள்ள போகும்?"

"பட்டை ஏத்துனதுல பின்னாடி மேல போயிருச்சுங்களா, ஜாயிண்ட் கோணலாச் சுத்துதுங்க. அதுமேல நம்ம லோடு வேற. கிராஸைத் திங்குது. அந்த ரெண்டு பட்டையக் கழட்டிப்போட்டு கிராஸ் மாத்துனா செரியாப் போயிருமுங்க."

"பட்டையக் கழட்டிட்டு, மூட்டைய உன்ற தலைமேலயா ஏத்தறது?"

காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முதலாளி ஜோக் அடித்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

வண்டியை என் மனைவியின் சித்தப்பா மகனுடைய ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பொள்ளாச்சி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்தான். அவனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒறம்பரை, அதாவது சொந்தக்காரன், ஒர்க் ஷாப் வைத்திருக்கும்போது வேறு இடத்துக்கு வண்டியை விட்டால், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார முடியாது. "எங்க பையனுக்கு வேலை தெரியாதாட்ட இருக்குதுங்க" என்று பேசுவார்கள். நாங்கள் மெக்கானிக்கை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். டாக்டரையும் அப்படித்தான்.

"வாங்க மாமா, வாங்க. டீ சொல்றனுங்க" என்றான். டீ வந்தது. பிறகு வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டான். வண்டி ஓடும்போது வருகிற சத்தத்தை நிற்கிற வண்டியில் கேட்டான். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவில்லை. லோடோடு பார்க்கவில்லை. அடியில் படுக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"கியர் பாக்ஸ்தானுங்க மாமா. எறக்கிப் பாத்துரலாமுங்க."

"டிரைவர் ஜாயிண்ட்னு சொல்றான்."

"டிரைவர் அப்படித்தானுங்க மாமா சொல்லுவான்."

கியர் பாக்ஸை இறக்கினான். ஒரு வாரம் அது பிரித்துப் போட்ட சாமானாகப் பழைய தட்டத்தில் மண்ணெண்ணெயில் ஊறியது. எட்டாம் நாள் போன் செய்து கூப்பிட்டான். ஒரு கியர் சக்கரத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தான். "பல்லு முனை மழுங்கியிருக்குது பாருங்க. கிளட்ச் முழுசா மிதிக்காமக் கியர் போட்டிருக்கறானுங்க. சவட்டி எடுத்துட்டான் மாமா வண்டிய."

பல் லேசாக மழுங்கித்தான் இருந்தது. நாலரை வருடம் ஓடிய எந்த வண்டியிலும் அப்படித்தான் இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. பட்டையைக் கழட்ட வேண்டாம், தப்பு டிரைவர் மேல் என்று ஒருவன் சொன்னால், அதைவிட இனிப்பான செய்தி எனக்கு என்ன இருக்கிறது?

களத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் கத்தினேன். "வண்டிய நொறுக்கிப்போட்டு ஜாயிண்ட், பட்டைனு எங்கிட்டயே கதை உடறயா? சாவிய வெச்சுட்டுப் போடா."

அவர் சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து மூட்டை மேல் வைத்தார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்து, மெதுவாகச் சொன்னார்.

"போகச் சொன்னா போறனுங்க. கியர் பாக்ஸ ஒடச்சுப்போட்டான்னு மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க. அப்புறம் எனக்கு ஆரும் சாவி குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

எங்கள் பக்கம் ஒரு டிரைவரை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் பழைய முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். லைசென்ஸைப் பார்க்க மாட்டார்கள், அந்தப் போனைத்தான் நம்புவார்கள். அடுத்த மாதத்துக்குள் எனக்கு நாலு போன் வந்தது. நாலு பேரிடமும் சொன்னேன். "ஆளு நல்ல ஆளுதானுங்க. ஆனா வண்டி ஓட்டத் தெரியாது. கியர் பாக்ஸயே முடிச்சுட்டானுங்க." மரியாதையாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் 'ங்க' இருந்தது. அவருக்கு எங்கும் வண்டி கிடைக்கவில்லை. சோமனூரில் ஏதோ தறிக் கூடத்தில் பாவு நூல் உருளை சுமக்கப் போய்விட்டதாகக் களத்தில் பேசிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த ஆள். கேட்டுவிட்டு எழுந்து சாப்பிடப் போனேன்.

கியர் பாக்ஸ் மாட்டி வந்தது. புது கியர், புது கிளட்ச். கொட்டகையிலிருந்து ரோட்டுக்கு ஏற்றும்போதே 'டொக்'.

"புது கியருங்க மாமா. செட்டாகோணுமுங்க" என்றான்.

பதினைந்து நாள் செட்டாகக் காத்திருந்தேன். பிறகு என்ஜினைத் தாங்கும் ரப்பர் போய்விட்டது என்றான். மாற்றினான். 'டொக்'. பிறகு ரோடு சரியில்லை என்றான். நான் அதையும் கேட்டுக்கொண்டேன். டிரைவர் இல்லாததால் நானே ஓட்டினேன். காலி வண்டியில் திரும்பி வரும்போது கால் வைக்கும் தகரம் நடுங்கும். லோடு ஏற்றினால் சுத்தியல் அடி. நாளுக்கு நூறு தடவை அந்த அடி என் முதுகுத்தண்டில் விழுந்தது. அப்போதும் ஒருநாள் அடியில் குனிந்து பார்க்கவில்லை. வேட்டி அழுக்காகிவிடும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். முழு லோடோடு ஒத்தக்கால்மண்டபம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அடியில் வெடி வெடித்த மாதிரி சத்தம். அப்புறம் தகரத்தைக் கிழித்துவிடும் போலப் படபடவென்று அடி. என்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. எப்படியோ ஓரத்தில் உருட்டி நிறுத்தினேன். பின்னால் காலேஜ் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அரை ஆள் இடைவெளியில் ஒதுங்கிப் போனது. அந்த டிரைவர் என் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். சரியாகத்தான் திட்டினான்.

ஜாயிண்டின் பின்முனை கழன்று ரோட்டில் கிடந்தது.

பக்கத்துக் கடையில் சொல்லிவிட, லாரி மெக்கானிக் ஒருவர் டூல்ஸ் பையோடு மொபட்டில் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு அவர் யார், என்ன குலம், கூட்டம் என்று எதுவும் தெரியாது. அடியில் படுத்தார். இரண்டு நிமிடம். வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினார். அரைத்த மிளகாய்ப்பொடி மாதிரி சிவப்பாகத் துருப்பொடி. கிராஸுக்குள் இருந்த ஊசி பேரிங் எல்லாம் பொடியாகியிருந்தது.

"எத்தன பட்டைங்க ஏத்திருக்கறீங்க?"

"மூணு."

"மூணா!" என்று சிரித்தார். "தேரா இழுக்கறீங்க? சத்தம் எப்பருந்து வருதுங்க?"

"மூணு மாசமா. கியர் பாக்ஸ் எறக்கிப் பாத்தாங்க."

"இதுக்கா? சக்கரத்துக்குக் கட்டை போட்டுட்டு, நியூட்ரல்ல வெச்சு, ஜாயிண்டக் கையில புடிச்சுத் திருகிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது. கொழந்தைகூடப் பாக்கலாம். உங்க வண்டிய ஓட்டற டிரைவர் ஒண்ணும் சொல்லலீங்களா? ஓட்டறவனுக்குத்தானுங்க மொதல்ல தெரியும்."

நான் கீழே கழன்று கிடந்த கிராஸைப் பொறுக்கினேன். மதியத்துக்குள் இரண்டு கிராஸ் மாற்றி, கடைசியாக ஏற்றிய இரண்டு பட்டைகளையும் கழட்டி, வண்டியை ஓட்டிக் காட்டினார். சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. 

நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனேன். தேய்ந்த கிராஸை அவன் மேஜை மேல் போட்டேன். எடுத்துப் பார்த்தான். அதிர்ச்சியடைவான் என்று நினைத்தேன். அடையவில்லை.

"எனக்கும் ஜாயிண்ட் மேல ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க மாமா."

"எப்ப?"

"மொத நாளே. பட்டை எச்சா இருக்குதுன்னு பாத்தனுங்க. நீங்க அவ்வளவு ஆசையா ஏத்திருந்தீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? நீங்க வருத்தப்படுவீங்கல்லங்க."

"அதுக்கு அந்த டிரைவர் மேல போடுவியா?"

"அவன் வருத்தப்பட்டா என்னங்க மாமா?"

அப்பாவியாகத்தான் கேட்டான். அவன் முகத்தில் கள்ளத்தனம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் பேசியது என் பேச்சு. களத்தில் நான் பேசியதை அவன் கொட்டகையில் பேசினான். எனக்கு வருத்தம் வரக் கூடாது என்பதற்காக ஒருவர் தொழிலைப் பிடுங்கினோம், டீ குடித்துக்கொண்டே. "டீ சொல்லட்டுங்களா?" என்று வேறு கேட்டான். வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் சோமனூருக்குப் போனேன். விசாரித்து அந்தத் தறிக் கூடத்தைக் கண்டுபிடித்தேன். உள்ளே தறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் தோளில் துண்டோடு வெளியே வந்தார். மூன்று மாதத்தில் இளைத்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு.

நடந்ததைச் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். தப்பு என்னுது என்றேன். வாய்க்கு வரவே மாட்டேன் என்றது அந்த வார்த்தை. திரும்ப வந்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

துண்டால் பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார். "எனக்குத்தான் இது அன்னிக்கே தெரியுமுங்களே. எங்கிட்ட எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க?"

"பின்ன என்ன பண்ணோணும்?"

"எத்தன பேர்கிட்ட ஒடச்சுப்போட்டான்னு சொன்னீங்க?"

"நாலு பேர்கிட்ட."

"அந்த நாலு பேர்கிட்டச் சொல்லுங்க. உங்க வண்டிக்கு நான் வர்லீங்க. எனக்கு ஓட்டறதுக்கு ஒரு வண்டி வேணும், அவ்வளவுதானுங்க." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வாரனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அது எனக்குச் சொன்னதல்ல.

தறிக் கூடத்து வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்து நாலு பேருக்கும் போன் போட்டேன். கியர் பாக்ஸை அவர் உடைக்கவில்லை, கியர் பாக்ஸ் உடையவே இல்லை, நான் ஏற்றிய பட்டைதான் காரணம், அவர் முதல் நாளே சொன்னார், நான் பொய் சொல்லிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். முதல் ஆள் நம்பவில்லை, "ஏனுங்க, உங்ககிட்ட எதாச்சும் கேஸ் போட்டுட்டானா?" என்றார். இரண்டாவது ஆள், "அட உடுங்ணா, ஒரு டிரைவருக்குப் போயி" என்று சிரித்தார். மூன்றாவது ஆள் வேறு ஆளை எடுத்துவிட்டார். நாலாவது ஆள் கொப்பரை வியாபாரி. அவர் அப்போது எடுத்த டிரைவர் வேலையிலிருந்து நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. "நாளைக்கு வரச் சொல்லுங்க, ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

இப்போது அவர் கொப்பரை வண்டி ஓட்டுகிறார். பொள்ளாச்சி ரோட்டில் எதிரே வருவார். என் வண்டியைத் தெரியாத மாதிரி போவார்.

எனக்கு இன்னும் டிரைவர் கிடைக்கவில்லை. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வண்டியில் சத்தம் வந்தால் டிரைவர் தலையில் கட்டிவிட்டு ஊர் பூராவும் போன் போடுகிற முதலாளி என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்களாம். அவர்கள் பேசுவதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.