கேன்டீன் அக்கா சுமந்த பழி

தொழிற்சாலையில் கேன்டீன் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருடம் அங்கே அடுப்போடு மல்லுக்கட்டியவள். தினமும் இருநூறு பேருக்குச் சமைத்துப் போடுவாள். ஆனால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுடைய கணவன் முப்பத்தொன்பது வயதில் இரைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான். சவத்தை வெளியே எடுப்பதற்குள், அவனுடைய அக்கா கூட்டத்துக்கு நடுவே சொன்னாள்: "இவ கண்டதையும் கொட்டிச் சமைச்சுத்தான் என் தம்பி வயிறு வெந்துபோச்சு."

அந்தப் பேச்சு அவள் மனசில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் காரம் கிடையாது, எண்ணெய் பெயருக்குத்தான். மகனும் மகளும் பத்தியத்திலேயே வளர்ந்தார்கள்.

"கேன்டீன்ல அத்தனை பேர் உன் கையால சாப்பிடுறாங்க, எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்க. எங்களுக்கு மட்டும் ஏம்மா ஜெயில் சாப்பாடு?" என்று மகன் கேலி செய்வான். அவள் சிரிக்க மாட்டாள்.

லேத் பட்டறையில் வேலை பார்த்த அந்த மகனுக்கு முப்பத்து நாலு வயதில் சாப்பாடு இறங்காமல் போயிற்று. நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிட்டது என்பான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். மாமனாரும் வயிற்று நோயில்தான் இறந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்கும் மகனுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று, வாய்விட்டுக் கேட்டேவிட்டாள். "என் சமையல்தான் காரணமா டாக்டர்?"

"இல்லவே இல்லம்மா. வயித்துல செல்லெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டி நிக்க ஒரு மரபணு உதவுது. பையனுக்கு அது பொறக்கும்போதே பழுது. உங்க ரத்தத்துல அந்தப் பழுது இல்ல. அவங்க அப்பா வழியாத்தான் வந்திருக்கணும். பொண்ணுக்கும் பார்த்துடணும். இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு."

இருபத்தாறு வருடப் பாரம் இறங்கியது. ஒரு மூச்சு விட்டிருப்பாள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"என் சமையலாவே இருந்திருக்கலாம்," என்றாள். "நிறுத்தினதும் நின்னிருக்கும்."

மகன் நாலு மாதம்தான் இருந்தான். மகளுக்கும் அந்தப் பழுது இருந்தது. கேமரா விட்டுப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டாக்டரம்மா சொன்னபடி இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். எடுத்ததைச் சோதித்தால், கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் ஏற்கெனவே அங்கங்கே துளிர்விட்டிருந்தது. மகள் பிழைத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கொருமுறை குருவி கொத்துவதுபோல் கொஞ்சம் சாப்பிடுவாள்.

மகன் சாவுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போன நாத்தனார், ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கும் பார்க்கச் சொல்றாங்க. தனியாப் போக பயமா இருக்கு. கூட வரியா?"

கேன்டீன் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்று வாரம் கழித்து முடிவு வாங்கவும் அவள்தான் கூடப் போனாள். நாத்தனாருக்கு அந்தப் பழுது இல்லை. கிழவி காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுபது வயசுக் கட்டைக்கு ஒன்னுமில்லையாம். அந்தப் பையனுக்குப் போய்…" என்று தேம்பினாள். பழைய பேச்சைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கேன்டீன் அக்கா அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரிங்க அண்ணி. வீட்டுல பொண்ணு சாப்பிடுற நேரம்."