பச்சை டப்பா

சொந்தக்காரர்களுக்கு அவள் டப்பாக்கா. சோப்பு, பிஸ்கட், தேயிலை என்று அட்டைப் பெட்டியில் விற்கிற எதற்கும் மேலட்டை வரைந்து கொடுப்பது அவள் தொழில் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் காலி டப்பாக்கள். நிறம் என்று வந்துவிட்டால் அவள் புலி. நீலம் துளி கூடியிருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவாள் என்று அச்சகக்காரர்கள் அவள் காதுபடவே புலம்புவார்கள்.

வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர்தான், ஆனால் ரசனை மட்டும் பூஜ்யம் என்பது அவள் கட்சி. எதை வரைந்து காட்டினாலும் "நல்லா இருக்கு" என்பார். இரண்டை வைத்து எது மேல் என்று கேட்டால் இரண்டுமே நல்லா இருக்கும். ஒரு தடவை சிவப்பு என்று நினைத்து ஒரு வகுப்பு விடைத்தாள் முழுவதையும் பச்சைப் பேனாவால் திருத்தி வைத்தார். பள்ளிக்கூடமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

கடைக்கு அனுப்பினால் கேட்கவே வேண்டாம். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், தேயிலை அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டு போன் போடுவார். அவளுக்கு இஞ்சி சேராது, நெஞ்சு எரியும். சாதாத் தேயிலைதான் வேண்டும். "பச்சை டப்பாங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். அப்படியும் பாதி நாள் இஞ்சிதான் வந்து சேரும். அந்த டப்பாவை வரைந்தவளே அவள் என்பதால் கோபமும் இரட்டிப்பாக வரும்.

இந்த வருடம் அதே தேயிலைக் கம்பெனி அவள் தூக்கத்தைக் கெடுத்தது. சாதா, இஞ்சி, எலுமிச்சை, மூன்றுக்கும் புது டப்பா வேண்டும் என்றார் முதலாளியம்மா. வரைந்து அனுப்பினாள், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். பழைய டப்பாவுக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. சொன்னதில் தப்பில்லை. அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியும். அடுத்ததும் இப்படியே இருந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியாயிற்று. அவளுக்குக் கிடைத்த முதல் வேலையே அந்தக் கம்பெனியுடையதுதான். அது கைவிட்டுப் போனால் தனக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மேசையை ஏறக்கட்டிவிடுவதாக மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

சும்மாவும் இருக்கவில்லை. ஓவியக் கண்காட்சிக்குப் போனாள். தடித்தடியான வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டினாள். நடந்தால் யோசனை வரும் என்று யாரோ சொல்ல, நடந்தாள். காலில் கொப்புளம் வந்தது.

ஒரு விடுமுறை நாள் காலை, அவர் தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போனார். நேரமாகியும் ஆளைக் காணோமே என்று எட்டிப் பார்த்தாள். மனிதர் இரண்டு தேயிலை டப்பாக்களையும் திறந்து, ஒன்றை மோந்து பார்த்தார், பிறகு மற்றதை, பிறகு மறுபடி முதலாவதை.

"என்னங்க பண்றீங்க? பச்சை டப்பா கையிலதானே இருக்கு?"

"இதுவா?" என்று செங்கல் நிறத்து இஞ்சி டப்பாவை நீட்டினார்.

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தாள். அவர் முகத்தில் கிண்டலே இல்லை. அவள் போய்த் தன் நிற அட்டைகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் ஒன்றாக வைக்கச் சொன்னாள். நீலத்தையும் மஞ்சளையும் சரியாகப் பிரித்தார். பாசிப் பச்சை, செங்கல், மரப்பழுப்பு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, பரீட்சை எழுதி முடித்த பையனைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன். நீங்கல்லாம் கவனமா பாக்கறீங்க, எனக்குக் கவனம் பத்தலன்னு."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. நிறத்தை விற்றுச் சாப்பிடுகிறவள், கட்டினவர் கண்ணை இத்தனை காலம் கவனிக்காமல், பச்சை பச்சை என்று போனில் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்போ நான் காட்டினதையெல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு எதைப் பாத்து சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துதான்" என்றார் அவர், இதிலென்ன சந்தேகம் என்பது போல. "உனக்குப் புடிச்சிருந்தா தெரியுமே. இப்பல்லாம் தெரியறதில்ல."

தேநீர் ஆறிப்போனது. அவள் மேசைக்கு ஓடி, பழைய மூன்று டப்பாக்களையும் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே டப்பா. அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரியில் பெயர். அழகு என்று நினைத்து அதைச் சிறிதாக்கியதும் அவள்தான். கையில் வெண்ணெய் இருக்க ஊரெல்லாம் நெய் தேடி நடந்து கொப்புளம் வாங்கியிருக்கிறோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரை மூடினாள். தூரிகையும் கறுப்பு மையும் எடுத்தாள். வெள்ளை அட்டையில் முகப்பு முழுக்க ஒரே ஒரு இலை. அடுத்ததில் கணுக்கணுவாகப் புடைத்து, ஓரங்களைத் தாண்டி வழியும் இஞ்சி. மூன்றாவதில் வட்டமாக வெட்டிய எலுமிச்சை. பெயர் கட்டைவிரல் தடிமனில். நிறத்தைக் கடைசியாக, மூடியில் மட்டும் தடவினாள். வெகுநாள் கழித்துக் கை அவள் சொல்வதற்கு முன்பே ஓடியது. பசிக்கவே இல்லை. இடையில் ஏதோ முணுமுணுவென்று பாடவும் செய்தாளாம், அவர்தான் சொன்னார்.

முதலாளியம்மா, மாதிரிக்குச் செய்துபோன டப்பாக்களை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, வாசல்வரை பின்னால் நடந்து போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார். இதை யார் வரைந்தது என்று கேட்டார். நான்தான் என்றாள். அப்படியானால் இத்தனை நாள் அனுப்பியது யார் என்று கேட்டு அந்த அம்மா சிரித்தார். வேலை கைக்கு வந்தது.

புது டப்பா கடைக்கு வந்ததும் தேயிலை வாங்கிவர அவரைத்தான் அனுப்பினாள். மூக்குக் கண்ணாடி வழக்கம்போல ஜன்னலோரத்தில் கிடந்தது. அவள் வேண்டுமென்றே நினைவுபடுத்தவில்லை. வரைந்துகொண்டிருப்பதாகப் பேர், கண் எல்லாம் போன் மேல்தான். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க, தெரியலையா?"

"தெரியாம என்ன? இலை போட்டதுதானே, கையில எடுத்துட்டேன். கடை வாசல்லேருந்தே தெரிஞ்சுது. சும்மா சொல்லணும்னு தோணிச்சு."

தூரிகையைக் கீழே வைத்தாள். கேட்காமல் விட முடியவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார், வழக்கம்போல. பார்த்துச் சொல்ல அவள் முகம் அங்கே இல்லை.