ஷேக்குக்கு வைத்த கொழுந்து

ஏமன் நாட்டின் இப் நகரத்தில் எங்கள் மேல்தெருவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் முக்பில். குழாயில் தண்ணீர் வந்து பல வருடம் ஆகிறது. அவர் வராத நாளில் எங்கள் அடுப்புகள் எரிவதில்லை. மனைவி இறந்த பிறகு அவருக்குத் துணையாக இருந்தது ஒரு பச்சோந்தி. வேலியோரம் லாரியை நிறுத்தியபோது தானாகத் தோளில் ஏறிக்கொண்டதாம். தலையில் தலைப்பாகை கட்டியதுபோல் கொண்டை உயர்ந்திருந்ததால் ஷேக் என்று பெயர் வைத்தார்.

ஜன்னலோரத் திருநீற்றுப்பச்சைச் செடிதான் ஷேக்கின் வீடு. வெட்டுக்கிளி கிடைத்தால் தின்னும். கிடைக்காத நாளில் குடியிருக்கும் செடியையே மெல்லும். முக்பில் தன் ரொட்டிக்கு வைத்த முள்ளங்கி இலையை நீட்டுவார். ஒரு கண் அவரைப் பார்க்கும், மறு கண் இலையைப் பார்க்கும். பிறகு ஓரத்திலிருந்து நறுக்கென்று கடிக்கும்.

மதியத்துக்குப் பிறகு அவர் அறையில் கூடி, லேசான போதை தரும் காத் இலையைக் கன்னத்தில் ஒதுக்கி மெல்வோம். ஒரு நாள் ஷேக் இறங்கி வந்து முக்பிலின் காத் இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை இழுத்தது.

"பாத்தீங்களா, இவனும் நம்ம ஊர்க்காரன்தான்," என்றார் முக்பில்.

காத் விற்கும் ரத்மான் சிரித்தார். "எங்கடா கன்னம் உப்புது? மென்னு முழுங்குறவன்லாம் ஊர்க்காரனா? நம்மள மாதிரி ஒதுக்கி வச்சுத் துப்பச் சொல்லு."

பெரிய விருந்தாளிகளுக்குத்தான் சிவந்த கொழுந்தைக் கிள்ளி மடியில் வீசுவது எங்கள் வழக்கம். அன்றிலிருந்து முக்பிலின் கொழுந்தெல்லாம் ஷேக்குக்குப் போனது.

நான் விவசாயக் கல்லூரியில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தெருவே என்னை இஞ்சினியர் என்கிறது. காத் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்துகளைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த அறையில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தேன்.

"கழுவிட்டாவது குடுங்க சித்தப்பா."

"குடிக்கவே தண்ணி பத்தல, இலைக்குக் குளியலா? மருந்தடிச்சு இருபது நாளாச்சுன்னு ரத்மான் சத்தியம் பண்றான்."

ரத்மான் என்னைப் பார்த்தார். என் கன்னத்திலும் அவர் விற்ற இலைதான் இருந்தது. இன்னோர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். மரியாதையா, பயமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் முக்பில் என்னைக் கூப்பிட்டார். ஷேக் கறுத்துப்போய்க் கிளையைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. கண்கள் உள்வாங்கியிருந்தன.

"நீ படிச்சவன். என்னன்னு பாரு."

பார்த்தேன். பார்க்க மட்டும்தான் தெரிந்தது. கால்நடை மருத்துவரிடம் இருவரும் லாரியிலேயே கொண்டுபோனோம். அவர் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் அசைத்தார்.

"என்கிட்ட இருக்கிறது ஆடு மாட்டுக்கான மருந்து. ஒரு சொட்டு கூடினாலும் போயிடும். தண்ணி குடுத்துப் பாருங்க."

வீட்டுக்கு வந்து முக்பில் விரலை நனைத்து அதன் வாயோரம் தடவினார். வாய் திறக்கவில்லை. முள்ளங்கி இலையைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் காட்டினார்.

"நானும் அதே கட்டுதானே தின்னேன், இஞ்சினியரே. எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

நாம் சக்கையைத் துப்புகிறோம், அது விழுங்கியது; நம் எடை என்ன, அதன் எடை என்ன. பதில் என்னிடம் இருந்தது. ரத்மானின் இருபது நாள் சத்தியத்தைக் கேட்ட அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியல சித்தப்பா," என்றேன்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பு ஷேக் அசைவதை நிறுத்தியது. அதன் கால்கள் அவருடைய சுட்டுவிரலை இறுகப் பிடித்திருந்தன. அதை எடுக்க நான் கையை நீட்டியபோது அவர் தலையசைத்து வேண்டாம் என்றார்.

வெளியே ஒரு பெண் கதவைத் தட்டினாள். "முக்பில் அண்ணே, காலையிலேர்ந்து வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. எப்ப வருவீங்க?"

அவர் விரலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போய்ச் சொல்லு, வர்றேன்னு."

நான் போய்ச் சொன்னேன். எப்போது என்று அந்தப் பெண் கேட்டாள். குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.